ரத்தத்தில் எண்ணெய்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எந்த இடத்தில் ள, எந்த இடத்தில் ழ என்பது இன்றைக்கும் எனக்குத் தகராறுதான். மறதியும் வந்துவிட்டது. காலையில் மாத்திரை போட்டேனா இல்லையா என்பதை அட்டையை எண்ணிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இருட்டறை வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் வந்து பேசுங்கள் என்று சிஸ்டர் மூன்று முறை போன் செய்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் நின்று பேசுவது என்னால் ஆகாத காரியம். அதனால் என் பேத்தியின் பழைய நோட்டில் எழுதிக் கொடுக்கிறேன். முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். பிறகு கண்ணுக்குச் சொட்டு மருந்து விடப் பழக்கினார்கள். கடைசி வருடங்களில் என்னை இருட்டறையில் போட்டார்கள். வேறு யாரும் அந்த வேலைக்கு ஆசைப்படவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

அங்கே என்ன செய்கிறார்கள் என்பது உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நான் புரிந்துகொண்ட மாதிரி சொல்கிறேன். கண்ணின் பின்பக்கம் விழித்திரை இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதில் துளியூண்டு மின்சாரம் கிளம்பும். நூல் மாதிரி ஒரு கம்பியைக் கண்ணில் வைத்து, பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்து, அந்த மின்சாரத்தைப் பிடித்து, கம்ப்யூட்டரில் அலையாகக் காட்டுவார்கள். அலை உயரமாக எழுந்தால் திரை நன்றாக வேலை செய்கிறது. தாழ்ந்து போனால் ஏதோ கோளாறு. ஆனால் அதற்கு முன்னால் சொட்டு மருந்து விட்டு, நோயாளியை அரை மணி நேரம் முழு இருட்டில் உட்கார வைக்க வேண்டும். கதவிடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் வந்தாலும் மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டியதுதான். அந்த அரை மணி நேரமும் துணைக்கு உட்காருவதுதான் என் வேலை.

வெளிச்சத்தில் யார் முகத்தையும் பார்த்துப் பேச எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இருட்டில் வரும். எதிரில் இருப்பவருக்கும் அப்படித்தான் என்பதைப் போகப் போகத் தெரிந்துகொண்டேன். டாக்டர் கேட்டபோது ஒன்றுமில்லை என்று தலையாட்டியவர்கள், இருட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் தானாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள். சர்க்கரை மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்தியது, நாட்டு மருந்து சாப்பிட்டது, மருமகளோடு சண்டை, எல்லாம்.

இனி நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள். இருந்தாலும் இந்தத் தவறைப் படித்தவர்களும் செய்வார்கள். ஏனென்றால் தவறு ஒரே ஒரு வார்த்தையில் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். மலையிலிருந்து கேரட்டும் கோசும் ஏற்றி இறக்கும் லாரி ஓட்டுகிறவர். நல்ல மரியாதையான மனிதர். என்னைக்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். பார்வை சோதிக்கிற பலகையில் உள்ள எழுத்தை எல்லாம் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார். எழுத்து எல்லாம் தெரிகிறது, ஆனால் ராத்திரி வண்டி ஓட்டும்போது மட்டும் பார்வை சரியில்லை என்று சொன்னாராம்.

அப்போது விழித்திரைப் பிரிவில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டது பாதி அவர்களிடம்தான். அவர்கள் லாரிக்காரரின் கண்ணுக்குள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் இன்னொருவரைக் கூட்டி வந்தார். படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். லாரிக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங், எல்லாரும் வந்து வந்து பாக்கறீங்க, உள்ள சினிமா ஏதாச்சும் ஓடுதுங்களா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா என்னையும் கூப்பிட்டு, எடுத்திருந்த போட்டோவைக் காட்டினார்கள். கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் சிவப்பாகக் கிளை கிளையாக ஓடும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவருக்கு அது சிவப்பாக இல்லை. பால் கலந்த ரோஸ் நிறத்தில், ஓரத்தில் வெள்ளையாகவே இருந்தது. சர்க்கரை நோய்க்காரர்கள் பலருக்கு மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி தெறித்த மாதிரி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது குழாயிலிருந்து கொழுப்பு கசிந்து திரையில் படிவது என்று சொல்லியிருந்தார்கள். இது அப்படி இல்லை. குழாய்க்குள் ஓடுகிற ரத்தமே வேறு நிறம்.

“ரத்தம் எடுத்து அனுப்பிட்டேன்க்கா. அது வர்றதுக்குள்ள நீங்க இருட்டறைக்குக் கூட்டிட்டுப் போங்க. திரை எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துடலாம்” என்றார்கள்.

மருந்து விட்ட நோயாளியைக் கூட்டிப் போகும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முழங்கையின் அடியில் நம் உள்ளங்கையைக் கொடுத்து, அரை அடி முன்னால் நடக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர்கள் யார் என்று மறந்துபோனது. அப்படித்தான் அவரையும் கூட்டிப் போனேன். அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். முழங்கையில் என் கை பட்டதும் உள்ளங்கையில் ராகியைக் கொட்டின மாதிரி நெறுநெறுவென்று தட்டுப்பட்டது.

“இது என்னங், கையில?” என்று கேட்டேன்.

“வேர்க்குருங்க்கா. போன மாசத்துல இருந்து இருக்குது. பவுடர் போட்டும் போவலீங்.”

வேர்க்குரு முழங்கையில் வருமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கேட்கவில்லை. கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டேன். அவர் மனைவி வெளியே வராந்தாவில் உட்கார்ந்தார்.

ஃபேன் சத்தம் மட்டும்தான். கொஞ்ச நேரம் கழித்து, “அக்கா, இருக்கறீங்களா?” என்றார்.

“இருக்கறனுங். அரை மணி நேரமும் நான் இங்கதான் இருப்பனுங்.”

“நான் ஒண்ணு சொல்றேன். டாக்டரம்மாகிட்ட முழுசாச் சொல்லலீங். எதுக்க வண்டி லைட் அடிச்சுட்டுப் போச்சுன்னா, அதுக்கப்பறம் எனக்கு ரோடே தெரியறதில்லைங். கறுப்பா இருக்கும். நான் வாய்க்குள்ளயே எண்ணுவனுங். ஒண்ணு, ரெண்டுன்னு. முன்னெல்லாம் நாலு எண்ணறதுக்குள்ள ரோடு வந்துரும். இப்பப் பன்னண்டு எண்ண வேண்டியிருக்குதுங்.”

“பன்னண்டு எண்ணற வரைக்கும் வண்டி?”

“ஓடீட்டுத்தான் இருக்கும். வளைவெல்லாம் மனப்பாடமுங். மனப்பாடத்துலதான் ஓட்டறேன்.”

அந்த மலைப்பாதையில் நானும் பஸ்ஸில் போயிருக்கிறேன். பக்கத்தில் பார்த்தால் தலை சுற்றும். வண்டி ஓட்டாதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல நான் யார் என்று அடக்கிக்கொண்டேன். பேச்சை மாற்றுவதற்காக, “காலையில சாப்ட்டீங்களா?” என்றேன். நம் ஊரில் பேச்சு நின்றுபோனால் அதைத்தானே கேட்போம்.

“இல்லீங். நேத்து மத்தியானத்துல இருந்தே பச்சத்தண்ணிதானுங். சாப்ட்டா வயிறு வலிக்குது. மேல்வயிறு. முதுகு வரைக்கும் இழுக்குதுங். ஓமத்தண்ணி குடிச்சுப் பாத்தேன், ஒண்ணும் கேக்கல. ரத்தம் எடுக்கறதுக்கு வெறும் வயித்துல போவோணும்னு ஊட்டுக்காரிகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன்.” குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சாயங்காலம் ஆனா ஒரு கட்டிங் போடுவனுங். அது ரெண்டு கட்டிங் ஆயிப்போச்சு. அதனாலதான் வலிக்குதுன்னு அவளுக்குத் தெரிஞ்சா அழுது தீத்துருவா. யார்கிட்டயும் சொல்லீராதீங்க்கா.”

“சொல்ல மாட்டனுங்” என்றேன்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பிள்ளைகளே, இது என் முதல் தவறு. இதை அப்போது தவறு என்று நான் நினைக்கவே இல்லை.

டெஸ்ட் முடிந்தது. அலை பார்க்கிற பெண் கம்ப்யூட்டரைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். எழ வேண்டிய அலை பாதிகூட எழவில்லை. இரண்டு கண்ணிலும் அப்படியே. அவரை வராந்தாவில் மனைவி பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன்.

அங்கே லேப்பில் வேலை பார்க்கிற அம்மா அவர் ரத்தம் இருந்த குப்பியோடு நின்றிருந்தார். நான் அதைப் பார்த்தேன். இன்றைக்குக் கண்ணை மூடினாலும் அது தெரிகிறது. அடியில் சிவப்பு. மேலே பாதிக்கு மேல் வெள்ளை. எருமைப்பாலை ஊற்றி வைத்த மாதிரி கெட்டியான வெள்ளை. டாக்டரம்மா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார்கள். எண்ணெய்ப் பாட்டிலைச் சாய்த்தால் வழியுமே, அப்படி மெதுவாக வழிந்தது. அவர்கள் போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே என்னிடம், “அக்கா, அவருக்குக் கொழுப்பு பயங்கரமா இருக்கு. போக விட்டுடாதீங்க, உக்காரச் சொல்லுங்க, நான் பேசணும்” என்றார்கள்.

நான் வராந்தாவுக்கு ஓடினேன். அன்றைக்கு முகாமிலிருந்து ஆட்களை பஸ்ஸில் கொண்டு வந்து இறக்கியிருந்தார்கள். நிற்க இடமில்லை. நான்கு பக்கமும் கூப்பிடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், அவர் காது கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

“ஏனுங், உங்களுக்குக் கொழுப்பு ரொம்ப அதிகமா இருக்குதாமுங். டாக்டரம்மா உக்காரச் சொன்னாங்க.”

பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் குபீரென்று சிரித்துவிட்டார். இன்னொரு அம்மா, “அதுக்குங்கூட மெசினு வந்துருச்சா? எங்கூட்டுல ரெண்டு பேரு இருக்கறாங்க, அவங்களையும் கூட்டியாரட்டா?” என்றார். வராந்தா முழுக்கச் சிரிப்பு.

லாரிக்காரர் எழுந்து நின்றார். கண்ணில் மருந்து விட்டிருப்பதால் என் முகம் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. என் குரல் வந்த பக்கம் பார்த்துத்தான் கேட்டார்.

“ஏனுங்க்கா, உள்ள வெச்சு உங்ககிட்ட மரியாதை இல்லாம ஏதாச்சும் பேசினனுங்களா?”

உள்ளே அத்தனையும் என்னை நம்பிச் சொன்ன மனிதர். வெளியே வந்ததும் நான் ஊரைக் கூட்டி, திமிர் பிடித்தவர் என்று சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லைங்க, அது வேற கொழுப்பு என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். “ஏனுங், நில்லுங், ஃபைலு அங்க இருக்குது” என்று மனைவி பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. லேப் அம்மாதான் பேசினார். “சாப்ட்டுட்டு வந்திருப்பாருங்க மேடம். விருந்து சாப்பாடா இருக்கும். நாளைக்கு வெறும் வயித்துல வரச் சொல்லி மறுபடி எடுத்துக்கலாம்.” குப்பியைக் கொட்டிவிடத் திரும்பினார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள். “சாப்ட்டாரான்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமாக்கா?”

அவர்கள் கேட்டது சாப்பாட்டைப் பற்றித்தான். ஆனால் அதற்குப் பதில் சொன்னால் வயிற்று வலியைச் சொல்ல வேண்டும். வயிற்று வலியைச் சொன்னால் குடியைச் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஏற்கெனவே ஒரு தரம் அவர் மரியாதையைக் கெடுத்தாகிவிட்டது. இன்னொரு தரமா என்று தயங்கி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. லேப் அம்மா கதவு வரைக்கும் போய்விட்டார்.

“சாப்பிடலீங்க மேடம்” என்றேன். “நேத்து மத்தியானத்துல இருந்து தண்ணிதானாம். மேல்வயிறு வலிச்சு முதுகு வரைக்கும் இழுக்குதாம். சாயங்காலம் குடிப்பாராம். முழங்கையில ராகி ராகியா இருக்குதுங்.”

டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. “அதைக் கொட்டாதீங்க” என்று லேப் அம்மாவைப் பார்த்துக் கத்தினார்கள். அவர்கள் கத்தி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். முழங்கையில் இருப்பது வேர்க்குரு இல்லை, அதுவும் கொழுப்புத்தான் என்றார்கள். ரத்தம் இப்படி இருக்கும்போது கணையம் புண்ணாகலாம், வயிற்றுக்குள் அது எரிய ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார்கள். “அந்தக் கண்ணு பொறுத்துக்கும்க்கா. வயிறு பொறுக்காது. எப்படியாவது கூட்டிட்டு வாங்க.”

சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார்கள். எடுக்கவில்லை. காவல்காரர் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். நானும் அவர் பின்னால் நாலு எட்டு வைத்தேன். அப்புறம் நின்றுவிட்டேன்.

மணி பன்னிரண்டு இருக்கும், வெயில் வெள்ளையாக அடிக்கிறது. கண்ணில் மருந்து விட்ட மனிதரால் அந்த வெயிலில் ரோட்டைத் தாண்ட முடியாது. கண்ணைத் திறக்கவே முடியாது. நிறுத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். கோபத்தில் வெளியே போனாலும் பத்தடியில் கண் கூசி நின்றிருப்பார். நிழல் தேடியிருப்பார். ஆஸ்பத்திரியை ஒட்டினாற்போல் நிழல் என்றால் பேக்கரிதான். உள்ளே ஓடிப்போய், மருந்து விட்டவர்களுக்குக் கொடுக்கிற கறுப்புப் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். அதை முன்பே கொடுத்திருக்க வேண்டும். அதுவும் என் மறதிதான்.

அங்கேதான் இருந்தார்கள். கடைசி மேசையில், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கைக்குட்டையால் கண்ணை மூடியிருந்தார். ஒரு கை மேல்வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. முன்னால் முட்டை பஃப்ஸ், ஒரு டீ. “ரத்தம்தான் எடுத்தாச்சுங்களே, இனி என்ன, சாப்புடுங். பசியிலதான் கோவம் வருது” என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் தட்டை எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன். என் வாழ்க்கையில் அடுத்தவர் தட்டில் கை வைத்தது அந்த ஒரு தரம்தான்.

“யாருங்?” என்றார்.

“நான்தானுங், இருட்டறை அக்கா.”

“இங்கயும் வந்துட்டீங்களா? இங்கயும் நாலு பேரு இருக்கறாங்க, சொல்லுங். மைக்கு வேணுங்களா?”

பேக்கரிக்காரர், டீ குடிக்கிறவர்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் நாக்கு ஒட்டப் பார்த்தது. கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, “இதையப் போட்டுக்குங், கூசாது” என்றேன். அவர் போட்டுக்கொண்டார். பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். என் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். இருட்டறையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். பேச்சு வந்துவிட்டது.

“நான் சொன்னது திமிருங்கற கொழுப்பு இல்லீங். உங்க ரத்தத்துல எண்ணெய் இருக்குதுங். நான் பார்த்தேன். மேலாப்புல எருமைப்பாலு மாதிரி நிக்குது. அந்த ரத்தந்தான் கண்ணுக்கும் போவுது. அதனாலதான் உங்க கண்ணுல அலை எழும்பலீங்.”

அவர் டீ கிளாஸைத் தள்ளி வைத்தார்.

“ஊட்டுல மோட்டர் இருக்குதுங்களா?”

“இருக்குதுங். அதுக்கென்ன?”

“லோ வோல்ட்டேஜ்ல மோட்டர் ஓடுற சத்தம் கேக்கும். தண்ணி மேல ஏறாது. டாக்டரம்மா அப்படித்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. எழுத்தெல்லாம் படிச்சுப்போட்டீங்க, அது மோட்டர் ஓடுற சத்தமுங். பன்னண்டு எண்ணறீங்களே, அதுதானுங் தண்ணி ஏறாதது.”

“பன்னண்டா? என்ன பன்னண்டு?” என்றார் மனைவி.

கண்ணை மூடியிருந்ததால் மனைவி அங்கே இருப்பதே எனக்கு மறந்துபோனது. சரி, ஆனது ஆகட்டும் என்று மிச்சத்தையும் சொன்னேன். “வயித்து வலியையும் டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போட்டனுங். சொல்ல மாட்டேன்னு சொன்னேன், ஆனாச் சொல்லிப்போட்டேன். இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாவோணுமாம். இல்லைன்னா உசுருக்கு ஆவாதாமுங்.”

கண்ணைத் திறந்தபோது மனைவி அவர் சட்டையைப் பிடித்திருந்தார். “வயித்து வலியா? எத்தன நாளா? வெறும் வயித்துல போவோணும்னீங்களே?” அந்தக் கறுப்புக் கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் வழிந்தது. வெயிலுக்கா, வேறெதற்காவதா என்று தெரியாது. என் பக்கம் திரும்பி, “அப்ப, திமிருன்னு சொல்லலீங்?” என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

“இல்லீங்.”

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அவருக்கு ரெண்டுமே இருக்குதுங்க்கா. நீங்க ஒண்ணைய மட்டும் எடுத்து வுடுங்க, இன்னொண்ண நான் பாத்துக்கறேன்.”

பேக்கரிக்காரர்கூடச் சிரித்துவிட்டார். நான் லாரிக்காரர் முழங்கையின் அடியில் கையைக் கொடுத்தேன். உதறுவார் என்று நினைத்தேன். எழுந்து வந்தார்.

டாக்டரம்மா கடிதம் எழுதி, வண்டி பிடித்து, போகிற இடத்துக்குப் போனும் செய்து அனுப்பி வைத்தார்கள். சாயங்காலமே அவருக்கு வலி முழுசாக வந்துவிட்டதாம். அப்போது அவர் கட்டிலில், டாக்டர்கள் நடுவில் இருந்தார். மலைப்பாதையில் இருந்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. இரண்டு தரம் வாய் திறந்து இரண்டு தரமும் அந்த மனிதரைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்றுதான் இருந்தது. மறுநாள் டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர்கள், “நீங்க டாக்டர்கிட்டச் சொன்னதுல தப்பே இல்லக்கா. சொல்ல மாட்டேன்னு முதல்லயே வாக்குக் குடுத்ததுதான் தப்பு” என்றார்கள். அன்றிலிருந்து, இருட்டில் யாராவது, “யாரிடமும் சொல்லாதீர்கள்” என்றால், “டாக்டருக்கு மட்டும் சொல்லுவனுங், வேற ஆருக்கும் சொல்ல மாட்டனுங்” என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். சிலர் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் வீட்டுக்காரர்களுக்கு முன்னால் சொல்லக் கூடாது. பேக்கரியில் நான் செய்த மாதிரி செய்யாதீர்கள்.

மூன்று மாதமோ நான்கு மாதமோ கழித்து அவர் திரும்ப வந்தார். பாதியாக இளைத்திருந்தார். குடியை விட்டாயிற்று, எண்ணெய்ப் பலகாரம் கிடையாது, மாத்திரை தவறுவதில்லை என்று மனைவிதான் ஒப்பித்தார். லாரி ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்ததால் மண்டியில் எடை போடும் வேலைக்குப் போகிறாராம். புதிதாக எடுத்த போட்டோவில் குழாயெல்லாம் சிவப்பாக ஓடியது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். இந்தத் தரம் வேறு யாரையும் கூப்பிடவில்லை.

இருட்டறைக்குக் கூட்டிப் போனேன். முழங்கையில் கை கொடுத்தபோது ராகி இல்லை, வழுவழு என்றிருந்தது. கதவைச் சாத்தினேன். அவர் பேசவில்லை. ஐந்து நிமிஷம் போயிற்று, பத்து நிமிஷம் போயிற்று. இனி இவர் என்னிடம் எதற்குப் பேசப்போகிறார் என்று நானும் பேசாமல் இருந்தேன். பாதி நேரம் தாண்டியிருக்கும்.

“அக்கா, இருக்கறீங்களா?”

“இருக்கறனுங்.”

“நாலு.”

“என்னங்?”

“போன வாரம் மேல சொந்தக்கார ஒறம்பரை ஊட்டுக்குப் போயிட்டுக் கடைசி பஸ்சுல எறங்கினமுங். முன்னாடி சீட்டுல உக்காந்துட்டு, எதுக்க வண்டி வர்றப்பவெல்லாம் எண்ணிப் பாத்தேன். நாலு எண்ணறதுக்குள்ள ரோடு வந்துருதுங்.” அவர் நாற்காலி கிறீச்சிட்டது. “இதைய எங்கூட்டுக்காரிகிட்ட நீங்களே சொல்லீருங்க்கா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா.”

அலையும் எழுந்தது. முழு உயரம் என்று சொல்ல முடியாது, ஆனால் முன்னைக்கு நன்றாக எழுந்தது. லாரியைத் தொடலாமா என்பதை இன்னொரு தரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்கள் டாக்டரம்மா. அவர் அதற்கு மறுத்துப் பேசவில்லை. நான் வெளியே வந்து வராந்தாவில் அந்த அம்மாவின் காதோரம் குனிந்து, மெதுவாக, நாலு என்று சொன்னேன்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதில் கணையம் என்று எழுதியது சரியா, அலை பாதி என்றது சரியா, ரத்தம் கெட்டால் எல்லோருக்கும் அலை குறையுமா இல்லை இவரை மாதிரி சிலருக்குத்தானா என்பதெல்லாம் எனக்கு உறுதியாகத் தெரியாது. சிஸ்டர், பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன்னால் டாக்டர் யாராவது ஒருவரிடம் இதைக் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். ள, ழ எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளுங்கள். நோயாளிகளிடம் “ரத்தத்தில் எண்ணெய்” என்று சொல்லப் பழகுங்கள் என்று எழுத நினைத்தேன், அது வைத்தியப்படி தப்பு என்று டாக்டர் சொன்னால் அதையும் அடித்துவிட்டு வேறு வார்த்தை போடுங்கள். அந்தப் பழைய வார்த்தையை மட்டும் அங்கே போட வேண்டாம். வராந்தாவில் எப்போதும் கூட்டம் இருக்கிறது.